சங்கிலியை அவிழ்த்தவர் யார்? – மனநலச் செவிலியர் வரலாற்றில் சில பக்கங்கள்

சென்னைக்காரருக்குக் கோபம் வந்தால் "உன்னைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்பணும்" என்பார். கோழிக்கோட்டில் அதே வசவுக்குக் குதிரவட்டம் என்று பெயர். நாம் பிழைக்க வந்த திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை. மூன்றும் அரசு மனநல மருத்துவமனை இருக்கிற இடங்கள். ஊர்ப் பெயரே வசவாகிவிட்டால், அங்கே வேலை பார்க்கிற நர்சம்மாவுக்கு என்ன மரியாதை மிஞ்சும்? வரலாறு எழுதியவர்களும் கட்டடத்தையும் டாக்டரையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க நோயாளி பக்கத்தில் இருந்தவரைப் பற்றித் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் தேடியதற்குச் சொந்தக் காரணம் உண்டு. விழிஞ்ஞம் கடைத்தெருவில் எங்கள் அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தார். (மீன்பிடி ஊரில் வலை, தூண்டில் விற்காத கடை; நயினார் கடை வேறெப்படி இருக்கும்!) 1979-இல் என் அண்ணனுக்கு மனம் கலங்கிற்று. ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எது என்பது இங்கே வேண்டாம். மூன்றாம் நாள் போனால், கட்டிலோடு கை கட்டியிருந்தது. "ராத்திரி சாப்பாட்டைத் தொடமாட்டேங்கிறான், வியாதி முத்திட்டுது" என்றார்கள். பொழுது சாய்ந்த பின் உண்பதில்லை என்ற எங்கள் சமண வழக்கத்தை அண்ணன் அந்த நிலையிலும் விடவில்லை! அதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் ஒரே ஒருவர், வார்டு அட்டெண்டர். மறுநாளிலிருந்து அஞ்சரை மணிக்கே சமையல்கட்டிலிருந்து சோறு வாங்கிவந்து, கட்டை அவிழ்த்துச் சாப்பிட வைத்தார். படிப்பு எட்டாங்கிளாஸ் என்று அவரே சொன்னார்.

பிற்பாடு பிரெஞ்சு வரலாற்றைப் படித்தபோது இந்த அட்டெண்டர்தான் நினைவுக்கு வந்தார். பாரிசில் மனநோயாளிகளின் விலங்கை உடைத்தவர் டாக்டர் பினெல் என்று பாடநூல்கள் சொல்லும். அதை ஓவியமாகவும் தீட்டினார்கள். ஆனால் பிசேத்ர் மருத்துவமனையில் 1797-இல் சங்கிலியை அவிழ்த்தவர் புஸ்ஸான் என்ற வார்டு மேற்பார்வையாளர். பினெல் அதற்கு இரண்டு வருஷம் முன்பே வேறு மருத்துவமனைக்கு மாறிவிட்டார். புஸ்ஸான் டாக்டர் அல்லர். கண்டமாலை நோய்க்கு அங்கே சிகிச்சைக்கு வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். அவர் மனைவியும் உடன் உழைத்தார். பினெலே இவரிடம் கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறார் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

நம் பக்கம் வருவோம். திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1870. ஆயில்யம் திருநாள் மகாராஜா காலம். கும்பகோணத்தில் பிறந்த மாதவராவ் திவானாக இருந்தார். சென்னைக் கீழ்ப்பாக்கம் அடுத்த ஆண்டு, 1871. அக்காலத்து 'அசைலம்' எதிலும் இன்று நாம் சொல்லும் நர்ஸ் கிடையாது. இருந்தவர் வார்டர், அதாவது காவலாள். ஜெயிலுக்கும் அதே பெயர்தான். பிரிட்டிஷ் இந்தியாவின் 1912 சட்டம் நோயாளியை மாஜிஸ்டிரேட் உத்தரவு வழியாக உள்ளே அனுப்பியது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கச் சொன்ன மணிமேகலை பிறந்த மொழிக்காரர் நாம். இங்கே நடந்ததோ தலைகீழ்.

அமெரிக்காவில் மக்லீன் அசைலத்தில் 1882-லேயே நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி வந்துவிட்டது. நமக்கு அது 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநலக் கழகம் (இன்றைய நிம்ஹான்ஸ்) தொடங்கிய பிறகுதான் முறையாக வந்தது. நடுவே எழுபது ஆண்டுகள், அந்த அட்டெண்டரைப் போன்றவர்களின் சொந்த மனசாட்சியை நம்பியே நம் நோயாளிகள் காலம் தள்ளினார்கள். மனசாட்சி இல்லாதவர் கையில் அகப்பட்டவர் கதியைக் கேட்க வேண்டாம்.

1952-ஐ இத்துறையின் முக்கிய ஆண்டு எனலாம். பாரிசில் குளோர்புரோமசின் மருந்து மனநோய்க்குப் பயன்பட்டது அந்த வருஷம். ஹில்டகார்டு பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர் நூல் எழுதியதும் அதே வருஷம். நர்சுக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் பகுதி என்பது அவர் கருத்து. எனக்கு இதில் சங்க அகப்பாடல்தான் தெரிகிறது. தலைவி மெலிந்தால், வளர்த்த செவிலி பதறி வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பாள். உண்மைக் காரணம் தெரிந்தவள் கூடவே இருந்த தோழி. நர்சுக்குச் செவிலி என்று பெயர் வைத்தோம். மனநல வார்டு நர்சுக்குத் தோழி என்று வைத்திருக்கலாம்!

நம் நாடும் ஒன்று கற்றுக்கொடுத்தது. 1950களில் அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் (1957) உறவினர் உடன் தங்குவது வழக்கமாயிற்று. தாயும் தமக்கையும் பாதி நர்ஸ் ஆனார்கள். அண்ணனைத் தனியே விட்டுவந்த எங்களுக்கு அப்போது இது தெரியாது.

ஏர்வாடியை விட்டுவிட்டு இதை எழுத முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைத்திருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர். புஸ்ஸான் சங்கிலியை அவிழ்த்து இருநூறு வருஷம் கழிந்திருந்தது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. மனநலச் செவிலியர் யார் என்பதற்கும் அதில் வரையறை இருக்கிறது. சமணத்தில் தானம் நான்கு: அன்னம், அபயம், மருந்து, சாத்திரம். மருந்துக்கு எப்போதும் ஆள் உண்டு. அபயதானத்தை, பயந்தவனுக்குப் 'பயப்படாதே' என்று சொல்வதை, சட்டம் போட்டு வரவழைக்க வேண்டியிருந்தது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1999-இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. டாக்டரோடு மனநல நர்சும் ஊளம்பாறைக்கு வெளியே, ஊர் ஆஸ்பத்திரிகளுக்கே வரும் ஏற்பாடு இது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்து, விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பாமல் போன நாட்களில், தூக்கம் வராத வீடுகள் எத்தனை என்று கடைத்தெருவில் இருந்த எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒருநாள், குடம் வாங்க வந்த ஒரு அம்மாள் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்: "மனசுக்கு மருந்து கொடுக்கிற சிஸ்டர் என்னைக்கு வருவாங்க, முதலாளி?"

ஊளம்பாறை என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. விசாரித்து, கிழமையைக் கடை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.