ஃப்ளைட்ல காது மெஷினைக் கழட்டணுமா?

அரியலூர் பக்கத்து கிராமத்து ஐயா ஒருவர். திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார். முதல் பயணம்.

"எலக்ட்ரானிக் பொருளெல்லாம் ஆஃப் பண்ணச் சொல்லுவாங்களாமே டாக்டர், காது மெஷினையும் கழட்டிடணுமா?"

வேண்டவே வேண்டாம் ஐயா என்றேன். கழட்டிவிட்டால் அவசரத்தில் சொல்லும் அறிவிப்பு எப்படிக் கேட்கும்?

இதற்கான பதில் அறுபதுகளிலேயே எழுதப்பட்டுவிட்டது மக்களே.

கதை செல்போனில் தொடங்கவில்லை. எஃப்எம் ரேடியோவில் தொடங்குகிறது.

ரேடியோ சும்மா கேட்கத்தானே செய்யும்? இல்லை. நாம் வைக்கும் ஸ்டேஷனை விட 10.7 மெகாஹெர்ட்ஸ் அதிகமான ஒரு அலையை அது தனக்குள்ளேயே உருவாக்கும். 100ல் பாட்டு கேட்டால் 110.7ல் கொஞ்சம் வெளியே கசியும். விமானிக்கு திசை காட்டும் விஓஆர் கருவி வேலை செய்வது 108 முதல் 118 வரை. சிக்கல் அங்கேதான்.

1961ல் அமெரிக்கா விமானத்தில் எஃப்எம் ரேடியோவைத் தடை செய்தது. பிறகு தடை மற்ற கருவிகளுக்கும் விரிந்தபோது காது மெஷின், பேஸ்மேக்கர், வாய்ஸ் ரெக்கார்டர், ஷேவிங் மெஷினுக்கு விலக்கு கொடுத்தார்கள். இன்றும் அது தொடர்கிறது.

1991ல் அங்கே பறக்கும்போது செல்போன் பேசத் தடை வந்தது. இதற்குக் காரணம் விமானம்கூட இல்லை. மேலே இருந்து ஒரே போன் தரையில் உள்ள பல டவர்களைத் தொட்டு நெட்வொர்க்கைக் குழப்பும்.

2013 அக்டோபரில் அமெரிக்காவும் 2014 ஏப்ரலில் நம் டிஜிசிஏவும் ஃப்ளைட் மோடில் பயணம் முழுக்க போன் பார்க்க அனுமதித்தன.

அலை பயம் குறைய, தீ பயம் வந்தது. 2016 செப்டம்பர் 23, சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானம். மேல் லக்கேஜ் பெட்டியில் புகை. உள்ளே ஒரு சாம்சங் நோட் 2. ஊழியர்கள் தீயணைப்பானை அடித்து, போனைத் தண்ணீரில் போட்டார்கள். எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள்.

இதே போன் விமானத்தின் அடியில், பெரிய லக்கேஜுக்குள் இருந்திருந்தால்? யார் போய் தண்ணீர் ஊற்றுவது? பவர் பேங்கைக் கைப்பையில் மட்டும் வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஐயாவுக்கு நான் சொன்னது: காது மெஷின் காதிலேயே இருக்கட்டும். அதற்கான உபரி பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில். போன் சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டை அசைக்காதீர்கள், நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கலாம், ஊழியரைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ ஃப்ளைட்லயே ஷேவ் பண்ணிக்கலாம்னு சொல்றீங்க" என்றார்.