அமெரிக்கத் தனி வியாபாரியும் மாநில வரிக் கழிவும்

ஐக்கிய அமெரிக்காவில் கூட்டாளியின்றித் தன் பொறுப்பிலேயே கடை நடத்தும் ஒருவர், மாநிலத்துக்குக் கட்டிய வரியை மத்திய அரசின் வருமான வரிக் கணக்கில் வியாபாரச் செலவாகக் கழித்துக்கொள்ளலாமா என்பது, அந்த வரி எதன் மீது விதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. இப்பாகுபாடு ஆதியில் இருந்ததன்று. 1944-இல் வேறொரு காரியத்தை உத்தேசித்துச் செய்த ஏற்பாட்டில் பிறந்தது என்பதே என் துணிபு.

உள்நாட்டுப் போரின் செலவுக்கென 1861-இல் இயற்றிய வருமான வரிச் சட்டமே, வருமானம் தரும் சொத்தின் மீது விழுந்த மாநில வரிகளைக் கழிக்க இடந்தந்தது. 1913-ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலம், மாவட்டம், பள்ளி, நகராட்சி ஆகியவற்றுக்குச் செலுத்தும் வரிகளை, அவை கடையைச் சேர்ந்தனவா வீட்டைச் சேர்ந்தனவா என்று கேளாமலே பொதுவாக அனுமதித்தது.

இரண்டாம் உலகப் போரின்போது கோடிக்கணக்கான சாமானியர் வரி செலுத்துவோராகிவிடவே, கணக்கைச் சுலபமாக்கும் பொருட்டு, செலவுகளைத் தனித்தனியே காட்டாதவர்க்கு 500 டாலர் வரை ஒரு நிலைக்கழிவு 1944-இல் வகுக்கப்பட்டது. அதற்கு முன்பாகவே கழிக்கத்தக்க வியாபாரச் செலவு எது, நிலைக்கழிவுக்குள் அடங்கிவிடும் சொந்தச் செலவு எது என்று அப்போது கோடு கிழிக்க நேர்ந்தது. கடைக் கட்டடத்தின் சொத்து வரி வியாபாரத்தை நேராகச் சார்ந்தது. நிகர வருமானத்தின் மீதான மாநில வரியோ, அவ்வருமானம் முழுதும் வியாபாரத்தில் ஈட்டியதே ஆயினும், அவ்விதம் சார்ந்ததன்று என்று செனட் குழு உரைத்தது. அதனையே விதிகள் தழுவின; 1965-இல் வரி நீதிமன்றமும் உறுதி செய்தது.

இதன் பலனைக் கொலம்பியா நதியின் இரு கரைகளில் காணலாம். வடகரையில், வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர் நகரில் மிதிவண்டி பழுது பார்ப்பவருக்கு மாநில வருமான வரி இல்லை. 1930-களில் தோன்றிய தொழில் வரி அவருடைய மொத்த வரவின் மீது விழுகிறது. அதனை அவர், வியாபார வரவு செலவைக் காட்டும் 'ஷெட்யூல் சி' படிவத்தின் 23-ஆம் வரியில் செலவாக எழுதுகிறார். வருமான வரி மட்டுமின்றி, 15.3 சதவீதமான சுயதொழில் வரியும் அந்த அளவுக்குக் குறைகிறது. தென்கரையில், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் அதே வேலை செய்பவர், மாநிலத்துக்குக் கட்டும் வருமான வரியை அந்தப் படிவத்தில் எழுத முடியாது. நிலைக்கழிவைத் துறந்து, சொந்தச் செலவுகளைத் தனித்தனியே காட்டும் 'ஷெட்யூல் ஏ' படிவத்தை நிரப்பினால்தான் கழிவு உண்டு, சுயதொழில் வரியில் ஒரு காசும் குறையாது. வரி கட்டாமல் வியாபாரம் செய்ய இயலாதென்பது இருவர்க்கும் பொதுவாயிருக்க, பெயரைக் கொண்டு செலவைப் பிரிப்பது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

நெடுநாள் சிறிதாயிருந்த இவ்வேற்றுமை, 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரிதாயிற்று. 2018 முதல், தனிநபர் கழிக்கும் மாநில, உள்ளூர் வரிகளுக்கு 10,000 டாலர் உச்சவரம்பு ஏற்பட்டது. நிலைக்கழிவும் ஏறக்குறைய இரட்டித்து, மணமாகாதவர்க்கு 12,000 டாலராயிற்று. சிறு வியாபாரிகளுள் பலர்க்கு 'ஷெட்யூல் ஏ' நிரப்புவதே பயனற்றுப்போயிற்று. கடைக் கட்டடத்தின் சொத்து வரியை மட்டும் உச்சவரம்பு தொடவில்லை. மாநிலங்கள் மாற்றுவழி தேடி, கூட்டு வியாபாரங்களின் மீதே வரி விதிக்க, அதனை அந்நிறுவனங்கள் முழுமையாகக் கழிக்கலாம் என்று மத்திய வரித்துறை 2020 நவம்பரில் அறிவித்தது. 2025-இல் உச்சவரம்பு 40,000 டாலராக உயர்ந்தபோதும் அச்சலுகை நீடித்தது. கூட்டாளி ஒருவரைச் சேர்த்துக்கொண்டாலோ, கடையை நிறுவனமாகப் பதிந்து அதற்குரிய வரிமுறையைத் தேர்ந்தாலோ, போர்ட்லாந்துக்காரரும் அதனைப் பெறலாம். தனியாக நிற்கும்வரை அது அவர்க்கில்லை.