ஹோல்டன் கமடோர்

ஹோல்டன் கமடோர் 1978 முதல் 2017 வரை ஆஸ்திரேலியாவில் தயாரான பெரிய குடும்பக் கார். ஜெனரல் மோட்டார்ஸின் ஆஸ்திரேலியக் கிளையான ஹோல்டன் இதைத் தயாரித்தது. உள்நாட்டில் உருவான எல்லாத் தலைமுறைகளிலும் என்ஜின் முன்னால் இருந்தது, பின்சக்கரங்களே காரைத் தள்ளின. 1996 முதல் 2010 வரை தொடர்ந்து 15 ஆண்டுகள் அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற கார் இதுவே. காவல்துறை ரோந்திலும் அலுவலகக் கார்களிலும் பந்தயக் களத்திலும் ஒரே பெயர் ஓடியதால், ஆஸ்திரேலியர்கள் இதைத் தங்கள் மண்ணின் கார் என்றே பேசினார்கள். ஆனால் முதல் 28 ஆண்டுகள் இதன் உடல் ஜெர்மனியில் வரைந்ததைத் தழுவியது. இடையில் இரண்டாண்டுகள் ஜப்பானிய என்ஜினும், அதன்பின் நெடுங்காலம் அமெரிக்க வடிவமைப்பில் வந்த என்ஜினும் இதில் ஓடின. அடியிலிருந்து நுனிவரை ஆஸ்திரேலியாவிலேயே வடிவமைத்த கமடோர் 2006இல்தான் வந்தது. அதற்குப் பிறகு தொழிற்சாலை 11 ஆண்டுகளே நீடித்தது.

பின்னணி

ஹோல்டனின் வேர் 1856இல் ஜேம்ஸ் அலெக்சாண்டர் ஹோல்டன் அடிலெய்டில் தொடங்கிய குதிரைச் சேணக் கடை. கார்களுக்கு உடல் கட்டும் தொழிலாக வளர்ந்த அந்நிறுவனம் 1931இல் ஜெனரல் மோட்டார்ஸோடு இணைந்தது. 1948 நவம்பரில் பிரதமர் பென் சிஃப்லி முன்னிலையில் 48-215 என்ற முதல் ஹோல்டன் கார் அறிமுகமானது. அதன் வழியில் வந்த பெரிய கார்கள் 1970களில் கிங்ஸ்வுட் என்ற பெயரில் விற்றன. அகலமான இருக்கை, ஆறு அல்லது எட்டு சிலிண்டர் என்ஜின், பின்னால் கேரவனையோ படகையோ இழுத்துச் செல்லும் வலு ஆகியவையே அன்றைய ஆஸ்திரேலியக் குடும்பம் எதிர்பார்த்தவை. ஊருக்கும் ஊருக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் நாட்டில் இந்த எதிர்பார்ப்பை ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது.

1973இன் எண்ணெய் நெருக்கடி கணக்கை மாற்றியது. கிங்ஸ்வுட்டைவிடச் சிறிய, எடை குறைந்த கார் தேவை என்று ஹோல்டன் முடிவு செய்தது. புதிதாக ஒன்றை வரைவதைவிட, ஜெனரல் மோட்டார்ஸின் ஜெர்மன் நிறுவனமான ஓப்பலிடம் ஏற்கெனவே உள்ளதை எடுத்துக்கொள்வது மலிவு.

ஜெர்மன் உடல், ஆஸ்திரேலியச் சாலை

ஓப்பல் ரெக்கார்டு காரின் உடலை ஹோல்டன் தேர்ந்தெடுத்தது. ரெக்கார்டு நான்கு சிலிண்டர் என்ஜினுக்கென வடிவமைத்த கார். ஹோல்டனின் ஆறு சிலிண்டர் என்ஜின் அதன் முன்பகுதியில் அடங்காது. அதனால் ஓப்பலின் பெரிய காரான செனட்டரின் நீண்ட மூக்கு இதில் பொருத்தப்பட்டது. ஓப்பல் ஏற்கெனவே ஒரு காருக்குச் சூட்டியிருந்த கமடோர் என்ற பெயரும் கூடவே வந்து சேர்ந்தது.

ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் நன்றாக ஓடிய இந்த உடலை உட்புற ஆஸ்திரேலியாவின் கரடுமுரடான மண்பாதைகளில் சோதித்தபோது, என்ஜின் அறையையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் தடுப்புச் சுவர் அருகே சோதனைக் கார்கள் பிய்ந்துபோயின. உடலின் பல இடங்களுக்கு வலுவூட்ட வேண்டியிருந்தது. சஸ்பென்ஷனையும் ஸ்டீயரிங்கையும் மாற்ற வேண்டியிருந்தது. வெளித்தோற்றத்தில் ஓப்பலாகவே தெரிந்த முதல் கமடோரில் ஹோல்டன் பொறியாளர்கள் எவ்வளவு வேலை செய்தார்கள் என்பது பார்ப்பவர் கண்ணுக்குப் படாது. இந்தக் காரைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் அதைக் குறைத்தே மதிப்பிட்டுவிடுகிறார்கள்.

விபி என்ற குறியீட்டோடு 1978 இறுதியில் வந்த முதல் கமடோரில் 2.85, 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின்களும் 4.2, 5.0 லிட்டர் வி8 என்ஜின்களும் இருந்தன. ‘வீல்ஸ்’ இதழ் அதை அவ்வாண்டின் சிறந்த காராகத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டு வேகன் வடிவம் சேர்ந்தது.

காரின் தரத்தை யாரும் குறை சொல்லவில்லை. குறை அகலத்தில் இருந்தது. கிங்ஸ்வுட்டின் பின்இருக்கையில் தாராளமாக உட்கார்ந்த மூன்று பேர் இதில் தோள் இடிபட்டு உட்கார்ந்தார்கள். போட்டியாளரான ஃபோர்டு, பெட்ரோல் விலை ஏறினாலும் தன் ஃபால்கனின் உடலைச் சுருக்க மறுத்தது. 1979இல் இரண்டாம் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஹோல்டனின் கணிப்பு சரியென்று தோன்றியது. பெட்ரோல் பயம் தணிந்ததும் குடும்பங்களும் டாக்சிக்காரர்களும் அகலமான காரைத் தேடிப் போக, 1980களின் தொடக்கத்திலேயே ஃபால்கன் விற்பனையில் முந்திவிட்டது.

அடுத்தடுத்த திருத்தங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1980இன் விசியில் என்ஜின்களைச் செம்மைப்படுத்தி நீல நிறம் பூசினார்கள், 1.9 லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜின் ஒன்றையும் சேர்த்தார்கள். இவ்வளவு பெரிய உடலை இழுக்க அது திணறியது. 1981இன் விஎச் முகத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. எஸ்எஸ் என்ற வேகக் கார் அந்த வரிசையில்தான் முதலில் வந்தது. 1984இன் விகேயில் பக்கவாட்டில் மூன்றாவது ஜன்னலும் பிளாஸ்டிக் பம்பரும் வந்தன, என்ஜின் கறுப்புக்கு மாறியது, கலே என்ற சொகுசு வகை அறிமுகமானது.

நிசான் என்ஜின்

1986 முதல் ஆஸ்திரேலியாவில் விற்கும் புதிய கார்கள் ஈயம் கலக்காத பெட்ரோலில் ஓட வேண்டும் என்ற விதி வந்தது. ஹோல்டனின் ஆறு சிலிண்டர் என்ஜினின் அடிப்படை 1960களைச் சேர்ந்தது. அதை இந்த விதிக்கேற்ப மாற்றும் செலவுக்குப் பலன் கிடைக்காது என்று கண்ட ஹோல்டன், நிசானின் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜினை ஜப்பானிலிருந்து வாங்கி விஎல் மாடலில் பொருத்தியது. சாதாரண வடிவில் 114 கிலோவாட். டர்போ பூட்டினால் 150 கிலோவாட். பழைய என்ஜினின் கனத்த உறுமலுக்குப் பழகிய ஓட்டுநர்களுக்கு அதன் மென்மை ஆச்சரியமாக இருந்தது. டர்போவைக் காவல்துறை ரோந்துக்கு வாங்கியது. காவல்துறை துரத்த வேண்டிய இளைஞர்களும் அதையே வாங்கினார்கள்.

அதுவரை வந்த கமடோர்களில் ஓட்டுவதற்கு மிகச் சிறந்தது விஎல் என்று சொல்வது மிகையல்ல. வரவுசெலவுக் கணக்கு வேறு கதை சொன்னது. ஆஸ்திரேலிய டாலர் அந்த ஆண்டுகளில் சரிந்துகொண்டே போனதால், யென் கொடுத்து வாங்கும் ஒவ்வொரு என்ஜினும் விலையேறியது. நட்டத்தில் இருந்த ஹோல்டனால் அந்த ஏற்பாட்டைத் தொடர முடியவில்லை.

பந்தயமும் பீட்டர் பிராக்கும்

ஆஸ்திரேலியாவில் ஃபோர்டா ஹோல்டனா என்பது குடும்பங்களுக்குள் பரம்பரையாக வந்த கட்சி. அதற்கு ஆண்டுதோறும் தீர்ப்பு எழுதிய இடம் நியூ சவுத் வேல்ஸின் பாதர்ஸ்ட் நகரில் உள்ள மவுண்ட் பனோரமா தடம். அங்கே 1980இல் பீட்டர் பிராக்கும் ஜிம் ரிச்சர்ட்ஸும் விசி கமடோரில் வென்றார்கள். 1982, 1983, 1984 ஆண்டுகளிலும் பிராக் வென்றார். அவருடைய எச்டிடி பட்டறை கமடோர்களை வாங்கி, வேகம் கூட்டி, ஹோல்டன் விற்பனையகங்கள் வழியாகவே விற்றது. அந்த வரிசையின் முதல் காரான விசி எச்டிடி 500 மட்டுமே தயாரானது.

இந்த உறவு முறிந்த விதம் விசித்திரமானது. ‘எனர்ஜி போலரைசர்’ என்று ஒரு சிறு பெட்டியை பிராக் தன் கார்களில் பொருத்தத் தொடங்கினார். காந்தமும் படிகமும் அடங்கிய அது காரின் மூலக்கூறுகளையே ஒழுங்குபடுத்தி ஓட்டத்தை மேம்படுத்தும் என்றார். பொறியாளர்கள் ஒருவரும் அதை ஏற்கவில்லை. 1987 பிப்ரவரியில் ஹோல்டன் அவரோடு உறவைத் துண்டித்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டாம் வாக்கின்ஷாவோடு சேர்ந்து, அதே ஆண்டில் எச்எஸ்வி என்ற புதிய வேகக் கார் நிறுவனத்தைத் தொடங்கியது. ரசிகர்கள் மட்டும் பிராக்கைக் கைவிடவில்லை.

அகலம் திரும்பியது

1988இல் வந்த விஎன், பத்தாண்டு வாடிக்கையாளர் புகாருக்குப் பதில். ஓப்பல் செனட்டரின் உடலை எடுத்து, நடுவில் அகலப்படுத்தி, ஃபால்கனோடு தோள் உரசும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பணம் அந்த அளவோடு தீர்ந்துபோனது. அடிப்பாகத்தில் பெரும்பகுதி பழைய விஎல்லினுடையது என்பதால், அகலமான உடலுக்குள் சக்கரங்கள் ஒடுங்கி நின்றன. பெரியவரின் சட்டையைப் போட்டுக்கொண்ட சிறுவன் போல இருந்தது கார். என்ஜின் இம்முறை அமெரிக்காவின் பியூக்கிடமிருந்து வந்த 3.8 லிட்டர் வி6. மெல்போர்னின் ஃபிஷர்மன்ஸ் பெண்ட் ஆலையில் தயாரான அதன் 125 கிலோவாட் திறன் தாராளம். அதிர்வும் சத்தமும் அதைவிடத் தாராளம். ஆனாலும் மக்கள் வாங்கினார்கள். ‘வீல்ஸ்’ விருதும் கிடைத்தது.

இந்தக் காருக்கு ஒரு மாறுவேடமும் உண்டு. தொழில்துறை அமைச்சர் ஜான் பட்டன் 1985இல் கொண்டுவந்த திட்டம், உள்நாட்டில் தயாராகும் மாடல்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னது. நிறுவனங்கள் ஒருவர் காரை மற்றவர் பெயரில் விற்கத் தொடங்கின. 1989 முதல் 1997 வரை டொயோட்டா லெக்சன் என்று விற்றது கமடோரேதான். 1983இல் அமெரிக்காஸ் கோப்பையை வென்ற படகை வடிவமைத்த பென் லெக்சனின் பெயர் அது. முத்திரையை மாற்றினால் வாங்குபவர் ஏமாந்துவிடுவார் என்ற கணக்குத் தப்பியது. லெக்சன் என்றுமே கமடோர் அளவுக்கு விற்கவில்லை.

1990இல் கமடோரை அடிப்படையாகக் கொண்ட யூட், அதாவது பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள கார், வந்தது. 1993இன் விஆர் மாடலில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கிடைத்தது. 1995இன் விஎஸ்ஸில் வி6 என்ஜின் ஒருவழியாக அடங்கிப் பேசக் கற்றுக்கொண்டது.

உச்சம்

1997இன் விடி, ஓப்பல் ஒமேகாவிலிருந்து பிறந்தது. இம்முறை உடலோடு அடிப்பாகமும் சேர்ந்தே அகலமானது. வளைந்த, நிறைந்த அதன் உருவத்தில் எங்கேயும் ஒட்டுப்போட்ட சுவடு இல்லை. மறு ஆண்டு ஃபோர்டு வெளியிட்ட புதிய ஃபால்கனின் தோற்றம் பலருக்குப் பிடிக்காமல் போனது ஹோல்டனுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். 1998இல் மட்டும் 94,000க்கும் மேற்பட்ட கமடோர்கள் விற்றன. அந்தப் பெயர் அதன்பின் அவ்வளவு விற்கவே இல்லை. 1999இல், 30 ஆண்டுகள் உழைத்த ஹோல்டனின் சொந்த வி8 ஓய்வுபெற்று, அமெரிக்காவின் 5.7 லிட்டர் வி8 வந்தது.

விடியின் உடலை வைத்து மைக் சிம்கோ தலைமையில் வடிவமைப்பாளர்கள் உருவாக்கிய இருகதவுக் கூபே, 1998 சிட்னி கண்காட்சியில் மாதிரியாக நின்றது. வந்த வரவேற்பைப் பார்த்து 2001இல் மொனாரோ என்ற பழைய பெயரோடு அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் துணைத்தலைவர் பாப் லட்ஸுக்கு அது பிடித்துப்போனதால், 2004 முதல் பொன்டியாக் ஜிடிஓ என்ற பெயரில் அமெரிக்காவுக்கும் போனது. மத்திய கிழக்கில் கமடோர் செவ்ரோலெட் லுமினாவாகவும் பிரேசிலில் செவ்ரோலெட் ஒமேகாவாகவும் விற்றது. 2004இன் விஇசட்டில் பியூக் வழி வந்த வி6க்குப் பதிலாக, ஃபிஷர்மன்ஸ் பெண்டின் புதிய ஆலையில் தயாரான 3.6 லிட்டர் வி6 இடம்பெற்றது.

சொந்தக் கார்

ஓப்பலிடம் பின்சக்கர இயக்கமுள்ள பெரிய கார் இனி வராது என்றானபோது, கடன் வாங்க ஹோல்டனுக்கு இடமில்லாமல் போனது. 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவழித்து, ஜீட்டா என்ற அடித்தளத்தைத் தானே உருவாக்கி, 2006 ஜூலையில் விஇ கமடோரை வெளியிட்டது. புடைத்த சக்கர வளைவுகளோடு, சக்கரங்கள் உடலின் நான்கு மூலைகளுக்கும் தள்ளி நின்றன. 3.6 லிட்டர் வி6, 6 லிட்டர் வி8 இரண்டும் கிடைத்தன.

இவ்வளவு முதலீட்டை 2 கோடிப் பேர் உள்ள நாடு மட்டும் திருப்பித் தராது. ஏற்றுமதி தொடக்கத்திலேயே திட்டத்தில் இருந்தது. அதன் தடயங்களைக் காருக்குள்ளேயே பார்க்கலாம். இடப்பக்க ஸ்டீயரிங்குக்கு எளிதாக மாற்றும்படி கைபிரேக்கை நடுவில் உள்ள பெட்டியோடு ஒட்டி வைத்தார்கள். அது உள்ளூர்க்காரர்களின் விரலைக் கிள்ளியதாகப் புகார் வந்தது. கனடாவில் தயாரான புதிய செவ்ரோலெட் கமாரோ இதே ஜீட்டா அடித்தளத்தில் நின்றது. விஇ பொன்டியாக் ஜி8 என்ற பெயரில் 2008இல் அமெரிக்கா போனது. மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் பொன்டியாக்கையே மூட முடிவெடுத்து, திவாலும் ஆனது. காரிடம் குற்றமில்லை, போய்ச் சேர்ந்த வீடுதான் இடிந்தது.

மூடல்

உள்நாட்டிலும் காற்று மாறியிருந்தது. 1980களில் 57.5 விழுக்காடாக இருந்த கார் இறக்குமதி வரி 2010இல் 5 விழுக்காடாகியிருந்தது. சுரங்கத் தொழிலின் செழிப்பில் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையே தாண்டியது. ஏற்றுமதி கட்டுப்படியாகவில்லை, இறக்குமதி மலிந்தது. குடும்பங்கள் சிறிய கார்களுக்கும் எஸ்யூவிகளுக்கும் நகர்ந்தன. 2011இல் மாஸ்டா 3 முதலிடத்தைப் பிடித்தது.

2013 மே மாதம் விஎஃப் வந்தது. பானெட்டும் டிக்கி மூடியும் அலுமினியம். உள்ளே முந்தையதைவிட எவ்வளவோ நேர்த்தி. அமெரிக்காவில் செவ்ரோலெட் எஸ்எஸ் என்று விற்றது. உள்நாட்டில் தயாரானவற்றில் இதுவே சிறந்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதே மாதம் ஃபோர்டு தன் ஆஸ்திரேலிய உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அரசு மானியம் தொடருமா என்ற சர்ச்சை நடந்துகொண்டிருந்தபோதே, டிசம்பர் 11 அன்று ஜெனரல் மோட்டார்ஸும் தன் முடிவைச் சொன்னது. 2017 அக்டோபர் 20 அன்று அடிலெய்டின் வடக்கே உள்ள எலிசபெத் தொழிற்சாலையிலிருந்து கடைசி கமடோர், சிவப்பு நிற வி8 செடான், இறங்கியது. அன்று அங்கே எஞ்சியிருந்த தொழிலாளர்கள் ஏறத்தாழ 950 பேர். ஃபோர்டு ஓராண்டு முன்பும் டொயோட்டா அதே மாதத் தொடக்கத்திலும் மூடிவிட்டதால், ஆஸ்திரேலியாவில் பெரிய அளவிலான கார் உற்பத்தி அன்றோடு முடிந்தது.

பெயர் மட்டும் தொடர்ந்தது. 2018இல் இசட்பி கமடோர் என்று வந்தது ஜெர்மனியில் தயாரான ஓப்பல் இன்சிக்னியா. வி8 இல்லை, பின்சக்கர இயக்கமும் இல்லை. அதற்குள் ஓப்பலையே பிரெஞ்சு நிறுவனமான பிஎஸ்ஏவிடம் ஜெனரல் மோட்டார்ஸ் விற்றிருந்தது. தன் பெயர்பெற்ற காரை ஹோல்டன் ஒரு போட்டியாளரிடம் வாங்கி விற்கவேண்டிய நிலை. கார் மோசமில்லை, ஆனால் கமடோர் வாங்குபவர் தேடிய கார் அது இல்லை. 2019 டிசம்பரில் கமடோரை நிறுத்துவதாக ஹோல்டன் அறிவித்தது. 2020 பிப்ரவரி 17 அன்று ஹோல்டன் என்ற பெயரையே கைவிடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது.

பந்தயக் களத்தில் இசட்பியின் உருவம் போர்த்திய வி8 கார்கள் மேலும் இரண்டு ஆண்டுகள் ஓடின. 2022 பாதர்ஸ்ட் பந்தயத்தில் ஷேன் வான் கிஸ்பர்கனும் கார்த் டாண்டரும் கமடோரில் வென்றார்கள். 2023 முதல் அந்த இடத்தில் கமாரோ ஓடுகிறது.