தொலைபேசி மணியும் மனிதச் செவியும்

சேய்மையில் உள்ளாரை அழைப்பது முரசு. அண்மையில் இருப்பாரை மகிழ்விப்பது யாழ். முரசின் பணியை யாழ் ஏற்பதில்லை. யாழின் பணியை முரசு ஏற்பதில்லை. ஆனால், தொலைபேசி என்னும் கருவி பிறந்த நாள்தொட்டே இவ்விரு பணிகளையும் ஒருங்கே சுமந்து வருகின்றது. அடுத்த அறையில் இருப்பவரையும் அஃது அழைத்தல் வேண்டும். அவர் வந்து எடுத்தபின் செவியோடு செவியாக மெல்லப் பேசுதலும் வேண்டும். இவ்விரு தேவைகளுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமே அழைப்பொலியின் வரலாறு எனலாம்.

அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு 1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு வாடகைக்கு விடப்பட்ட முதற் கருவிகளில் மணி என்பதே இல்லை. அழைக்க விரும்புவோர் கருவியினுள் உரக்கக் கூவினர். அல்லது அதன் மெல்லிய தகட்டைப் பென்சில் முனையால் தட்டினர். தட்டத் தட்டத் தகடு பழுதுற்றது. அருகில் ஒருவரும் இல்லையேல் கூவியதும் வீணாயிற்று. பெல்லின் துணைவரான தாமசு வாட்சன், தகட்டைத் தட்டுதற்கெனச் சிறு சுத்தியல் ஒன்றை முதலில் அமைத்தார். பின்னர், 1878ஆம் ஆண்டில், இரு கிண்ணங்களுக்கு இடையே ஒரு நாக்கு அசைந்து ஒலிக்கும் மின்மணியை உருவாக்கினார். மாறுமின்னோட்டம் திசை மாறுந்தோறும் அந்நாக்கு இப்பக்கமும் அப்பக்கமும் சென்று கிண்ணங்களை அடிக்கும். இவ்வமைப்பு சிற்சில திருத்தங்களுடன் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து நின்றது.

முரசும் யாழும் இவ்வாறு பிரிந்தன. மணி நெடுங்காலம் சுவரில் தனிப்பெட்டியில் இருந்தது. செவிக்குழல் கையில் இருந்தது. அமெரிக்காவில் 1937இல் வந்த வெசுட்டர்ன் எலெக்ட்ரிக்கு 302 என்னும் மேசைக் கருவி மணியைத் தன் வயிற்றுள் அடக்கிக்கொண்டது. 1950ஆம் ஆண்டளவில் பரவிய 500 என்னும் கருவியின் அடியில், மணியோசையைக் கூட்டவும் குறைக்கவும் சிறு சக்கரம் ஒன்று அமைந்தது. எனினும், பயன்படுத்துவோர் அதனை முற்றிலும் நிறுத்திவிடாதவாறு உள்ளே ஒரு தடையும் வைக்கப்பட்டது. அழைப்பு கேளாமற் போதலே அந்நாளில் பெருங்குறையாகக் கருதப்பட்டது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இப்பிரிவினையின் அருமை, அது கைவிடப்பட்டபோதுதான் புலனாயிற்று. 1980களின் தொடக்கத்தில் கம்பியில்லாக் கைக்கருவிகள் வீடுகளுக்கு வந்தன. கிண்ண மணிக்கு அவற்றில் இடமில்லை. ஆகவே, சிலவற்றில் பேச்சொலிக்குரிய செவிக்குழலே அழைப்பொலியையும் எழுப்புமாறு அமைக்கப்பட்டது. அழைப்பு வந்ததும் ஒரு விசையைப் பேச்சு நிலைக்குத் தள்ளிய பின்னரே கருவியைச் செவியில் வைத்தல் வேண்டும். மறந்து வைத்தவரின் செவியில் 140 டெசிபெல்லை ஒட்டிய பேரொலி நேரே பாய்ந்தது. இதனால் ஒரு செவியில் நிலையான கேட்புக்குறை உற்றோரைப் பற்றி, அமெரிக்க மருத்துவர்கள் 1985ஆம் ஆண்டளவில் மருத்துவ இதழ்களில் எழுதி எச்சரித்தனர். முரசை யாழின் இடத்தில் வைத்ததன் விளைவு இது.

மடிப்புக் கைப்பேசியின் சிறப்பை இப்பின்னணியில் நோக்குதல் தகும். மோட்டோரோலா நிறுவனம் 1989இல் மைக்ரோடாக்கு என்னும் கருவியை வெளியிட்டது. அதில் விசைகளை மூடும் சிறு மடலே திறந்து மூடியது. 1996ஆம் ஆண்டு சனவரியில் வந்த இசுடார்டாக்கு என்னும் கருவியோ சிப்பிபோல் இரண்டாக மடிந்தது. அதன் எடை 88 கிராம். மூடிய நிலையில் செவிக்குழல் உட்புறம் மறைந்துவிடுகின்றது. எனவே, அழைக்கும் ஒலி வேறொரு வழியாகவே வெளிவருதல் வேண்டும். பிற்கால மடிப்புக் கருவிகள் பலவற்றில் அழைப்புக்கெனத் தனி ஒலிபெருக்கி வெளிப்புறம் அமைந்தது. பேச்சுக்குரிய மென்குழல் உட்புறம் அமைந்தது. திறப்பதே அழைப்பை ஏற்பதாகவும், ஏற்றவுடன் பேரொலி அடங்குவதாகவும் பல கருவிகள் ஆக்கப்பட்டன. மூடியிருக்கும்போது முரசு; திறந்தபின் யாழ். கம்பியில்லாக் கருவியில் மனிதரின் நினைவை நம்பி விடப்பட்ட காப்பு, ஈண்டு கீல் ஒன்றின் அசைவிலேயே அடங்கிவிட்டது.

ஆனால், சிறுமை தன் விலையைக் கேளாமல் விடுவதில்லை. தாழ்ந்த சுரங்களை எழுப்பப் பெருமளவு காற்றை அசைத்தல் வேண்டும். விரல்நக அளவினதாகிய தகட்டால் அஃது ஆகாது. ஒலிபெருக்கியின் பின்னே போதிய காற்றறையும் வேண்டும். 2004இல் வந்த மோட்டோரோலா ரேசர் வி3இன் தடிப்பு 13.9 மில்லிமீட்டரே, இத்தகைய மெல்லிய உடலில் அதற்கு இடம் ஏது? ஆகவே, தொடக்கக் காலக் கைப்பேசிகளின் சிறு ஒலிப்பான்கள் நொடிக்கு 2000 முதல் 4000 அதிர்வுகள் வரையிலான உயர்சுரங்களையே பெரிதும் நம்பின. மனிதச் செவித்துளை 3000 அதிர்வுகளை ஒட்டிய ஒலியைத் தானே மிகுவிக்கும் இயல்பினது. குறைந்த மின்னாற்றலில் நிறைந்த ஓசை பெறுதற்கு இதுவே எளிய வழியாயிற்று.

முதுமையில் செவி முதலில் இழப்பதும் உயர்சுரங்களையே. பேரனின் காதைத் துளைக்கும் அழைப்பொலி பாட்டனுக்குக் கேளாமற் போவது இதனாலேயாம். பாட்டனின் கவனக்குறைவு என்று வீட்டார் கடிந்துகொள்வது பொருந்தாது. குறை கருவியின் சிறுமையில் உள்ளது. பழைய கிண்ண மணியோ இரு வேறு சுரங்களையும் அவற்றின் கிளைச்சுரங்களையும் கலந்து ஒலித்தது. ஒன்று தப்பினும் மற்றொன்று செவியை எட்டியது.

இக்குறையை ஓரளவு நீக்கியது இசை. சப்பானில் 1996இல் வந்த தென்சோ டி319 என்னும் கைப்பேசியில், உரிமையாளரே தமக்கு வேண்டிய பண்ணை உள்ளிடுதல் இயன்றது. அதற்கு வழிகாட்டும் சுரநூல் ஒன்று 1998இல் வெளிவந்து 35 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. மறு ஆண்டு யமாகா நிறுவனம் நான்கு குரல்களை ஒருங்கே எழுப்பும் கைப்பேசிச் சில்லை உருவாக்கிற்று. சுரங்கள் பலவாகப் பலவாக, செவிக்கு எட்டும் வாய்ப்பும் பெருகியது. அந்நாட்டிலேயே முதியோர்க்கெனப் பெரிய விசைகளும் தெளிந்த ஒலியும் உடைய கைப்பேசிகளும் தனிவகையாகத் தோன்றின.

உரத்து ஒலிப்பதொன்றே அழைப்பின் இலக்கணம் அன்று. தொலைவில் இருப்பவரை எட்டுதல் வேண்டும். அண்மையில் இருப்பவரைப் புண்படுத்தாதிருத்தல் வேண்டும். தளர்ந்த செவியையும் புறக்கணியாதிருத்தல் வேண்டும். வாட்சனின் கிண்ண மணிமுதல் மடிப்புக் கைப்பேசிவரை கருவிகள் பல மாறின. அவற்றை அளக்கும் கோல் மட்டும் மாறவில்லை. அது மனிதச் செவியே.