இருபது சதுர அடி

மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. இன்று பெரிய ஜவுளிக்கடை நிற்கும் இடத்தில், ஒரு காலத்தில் 2,563 பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து அழுதார்கள், சிரித்தார்கள், விசிலடித்தார்கள். தங்கம் தியேட்டர்! ஆசியாவிலேயே பெரிசு என்று மதுரைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட கொட்டகை.

1952 தீபாவளிக்கு அங்கே திரையிட்ட முதல் படம் ‘பராசக்தி’. வசனம் கலைஞர் கருணாநிதி. கதாநாயகன், சிவாஜி கணேசன் என்ற புதுமுகம். கதையிலும் மதுரை உண்டு. தங்கையின் கல்யாணத்துக்காக ரங்கூனிலிருந்து மதுரைக்குக் கிளம்பும் அண்ணன், வழியில் சென்னையில் பணத்தைப் பறிகொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கிறான். படத்தைத் தடை செய்யணும் என்று ஒரு பக்கம் குரல் எழுந்தது. கூட்டம் குறையுமா என்ன? தங்கத்தில் 112 நாள் ஓடியது!

இந்தக் கொட்டகை மதுரைக்கு மட்டும் சொந்தமில்லை. ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். அந்த நிலையத்திலிருந்து மேற்கே சுமார் 90 கிலோமீட்டர் போனால் போடிநாயக்கனூர்... ஏலமலையின் அடிவாரம். 1928-ல் போட்ட மீட்டர்கேஜ் பாதை, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிடுங்கப்பட்டது. தங்கம் திறந்த அதே ஐம்பதுகளில் மறுபடி போடப்பட்டது. ஏலக்காய் மூட்டை இறங்கிய அதே ரயிலில், படம் பார்க்கிற ஆசையும் வந்து இறங்கியது.

மலைச் சரிவில் யார் எங்கே நிற்பது என்பதற்குக் கறாரான கணக்கு உண்டு. முதலாளிக்கு பங்களா, கங்காணிக்குத் தனி வீடு, பழம் எடுக்கிற பெண்களுக்கு லயம். ஊருக்குள் வந்தாலும் டீக்கடை பெஞ்சில் யார் உட்காரலாம் என்று சாதி தீர்மானித்த காலம். இதே மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் கால் வைக்க, 1939-ல் வைத்தியநாத அய்யர் தலைமையில் ஒரு போராட்டமே தேவைப்பட்டது. பதின்மூன்று வருஷம் கழித்து, அதே கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தங்கம் திறந்தபோது? கவுன்டரில் காசு கேட்டார்கள். அவ்வளவுதான்!

தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரைக்கு அடியில் கூடிய முதல் கலைக்கூடம் சினிமா கொட்டகைதான் என்று யாழ்ப்பாணப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதினார். அங்கேயும் வசதிக்குத் தக்கபடி மலிவு டிக்கெட், பால்கனி டிக்கெட் என்று பிரிவினை இருந்தது, நிஜம். ஆனால், விளக்கை அணைத்த பிறகு பால்கனிக்கு ஒரு வசனம், கீழே உட்கார்ந்தவனுக்கு ஒரு வசனம் என்று கிடையாதே!

அப்புறம் ஏன் மூடினார்கள்? ‘ஜனங்களுக்கு ரசனை மாறிப்போச்சு’ என்பது சுலபமான பதில். காமர்ஸ் படித்தவனுக்கு வேறு பதில் தெரிகிறது. தங்கத்தின் பரப்பு சுமார் 52,000 சதுர அடி. 2,563-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு இருபது சதுர அடி. அந்த இருபது சதுர அடி, ஒரு காட்சிக்கு ஒரே ஒரு டிக்கெட்டைத்தான் சம்பாதிக்கும். அந்த டிக்கெட்டின் விலையையும் முதலாளி இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, அரசு வைத்த உச்சவரம்பு உண்டு. கேளிக்கை வரி வேறு. இதே இருபது சதுர அடியில் சேலை அடுக்கினால்? காலையிலிருந்து ராத்திரி வரை வியாபாரம். மேலே இன்னும் நாலு மாடியும் கட்டலாம். சினிமா கொட்டகைக்கு மேலே வெறும் உயரம்தான்!

இதற்கு நடுவில் வீட்டுக்கு வீடு டி.வி., வீடியோ கேசட். 1993-ல் சன் டி.வி. வந்தது. முந்நூறு பேர் வந்தால் சின்னத் தியேட்டர் ஹவுஸ்ஃபுல். தங்கத்துக்கு அது காலி மைதானம். கரன்ட் செலவும் ஆள் சம்பளமும் மட்டும் குறையாது. தொண்ணூறுகளில் திரை இருண்டது. பல வருஷம் பூட்டிக் கிடந்து, பிறகு இடிக்கப்பட்டது.

பாரிஸில் ‘கிராண்ட் ரெக்ஸ்’ என்று ஒரு தியேட்டர். 1932-ல் திறந்தது. அதன் பெரிய அரங்கில் ஏறத்தாழ 2,700 இருக்கைகள், கிட்டத்தட்ட நம்ம தங்கம் சைஸ். அங்கேயும் நிலம் தங்க விலைதான். ஆனால், 1981-ல் பிரெஞ்சு அரசு அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. இன்றும் படம் ஓடுகிறது. அங்கே சினிமா கொட்டகை என்பது சரித்திரம். நமக்கு அது காலி மனைக்கு முந்தைய கட்டம்.

நம் பாரம்பரியப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கோயில் இருக்கும், அரண்மனை இருக்கும், வெள்ளைக்காரன் கட்டின கச்சேரி இருக்கும். எல்லாமே ஒரு காலத்தில் யாரையாவது வாசலிலேயே நிறுத்திவைத்த கட்டடங்கள். டிக்கெட் வாங்கியவரையெல்லாம் உள்ளே விட்ட தங்கத்துக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், 2023 ஜூனில் திரும்பி வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள் போடிக்காரர்கள். தங்கத்துக்காக அப்படிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் ஊரில் இன்னும் ஒற்றைத் திரையோடு ஏதாவது தியேட்டர் மிச்சமிருக்கிறதா? கேட்க இன்னும் நேரமிருக்கிறது.