டாய் இன நாய்க்குட்டி வளர்ப்பு: ஒரு வேளை உணவு தவறினாலும் ஆபத்து ஏன்?

சிவாவா, யார்க்ஷயர் டெரியர், டாய் பொமரேனியன் போன்ற மிகச் சிறிய இன நாய்க்குட்டிகள், வீட்டுக்கு வந்த முதல் சில நாள்களில் திடீரெனச் சோர்ந்து விழுவதுண்டு. இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, இரத்தத்தில் சர்க்கரை அளவு குறைவது. உடனே கவனித்தால் குட்டி மீண்டுவிடும். தாமதித்தால் வலிப்பும் மயக்கமும் ஏற்பட்டு உயிரிழக்க நேரிடலாம்.

முழு வளர்ச்சியடைந்த சிவாவாவின் எடையே பொதுவாக 3 கிலோவுக்குள்தான். இரண்டு மாதக் குட்டி ஒரு கிலோவைக்கூட எட்டியிருக்காது. அவ்வளவு சிறிய கல்லீரலில் சேமிக்கப்படும் கிளைகோஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எடுத்துப் பயன்படுத்த உடலில் கொழுப்பும் தசையும் போதிய அளவில் இல்லை. எடையுடன் ஒப்பிடுகையில் தோலின் பரப்பு அதிகம் என்பதால் உடல் வெப்பமும் விரைவாக வெளியேறுகிறது. நீண்ட பயணம், தாயைப் பிரிந்த அச்சம், குடற்புழு, வயிற்றுப்போக்கு, ஏசி அறையின் குளிர் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலே நிலைமை மோசமாகிவிடும்.

எனவே நான்கு மாத வயது வரை, 3 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவு உணவு அளிக்க வேண்டும். நாய்க்குட்டிகளுக்கான உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்து, ஆறிய பின் கொடுக்கலாம். இரவில் உறங்கும் முன் ஒருமுறை ஊட்டுவது அவசியம். முதல் வாரத்தில் குட்டி ஏற்கெனவே உண்டு பழகிய உணவையே தொடர்வது நல்லது. பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடும்.

தள்ளாட்டம், நடுக்கம், வெளிறிய ஈறு, அழைத்தாலும் எழாத உறக்கம் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். அப்போது தேன் அல்லது குளுக்கோஸ் கரைசலில் சில துளிகளை விரலால் ஈறில் தடவ வேண்டும். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். துணி சுற்றிய வெந்நீர்ப் பையை அருகில் வைத்து உடலைக் கதகதப்பாக்கியபடியே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். தெளிந்து எழுந்துவிட்டாலும் பரிசோதனை தேவை. சர்க்கரையற்ற இனிப்புகளில் சேர்க்கப்படும் சைலிட்டால் நாய்களுக்கு நஞ்சு; அதுவே இரத்தச் சர்க்கரையைச் சரியச் செய்யும்.

எலும்புகளும் மெல்லியவை. சோபாவிலிருந்து குதித்தாலே முன்னங்கால் முறியலாம். குழந்தைகள் தரையில் அமர்ந்துதான் குட்டியைத் தூக்க வேண்டும். மூச்சுக்குழாய் வலுவற்றது என்பதால் கழுத்துப்பட்டையைவிட மார்புப் பட்டையே பாதுகாப்பானது. சமையலறைத் தராசில் நாள்தோறும் எடை பார்ப்பது பயனளிக்கும். எடை குறைவது நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

‘டீகப்’ என்பது விற்பனைக்காகச் சூட்டப்பட்ட பெயரே. அப்படியோர் இனத்தை முதன்மையான கென்னல் கிளப்புகள் அங்கீகரிக்கவில்லை. வயது நிரம்பாததால் சிறியதாகத் தோன்றும் குட்டியும் அந்தப் பெயரில் கைமாறக்கூடும். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க மற்றும் விற்பனை விதிகளின்படி, 8 வாரம் நிறையாத குட்டியை விற்பது கூடாது. இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே அந்தப் பதிவுச் சான்றையும் தடுப்பூசி அட்டையையும் கேட்டுப் பார்க்கலாம்.