சிறுசான்றுகளும் ஊர் வரலாறும்: கல்முனைக் கரையோரம் பற்றிய ஒரு நோக்கு

கிழக்கிலங்கையின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடும் நூல்கள் இரண்டு: எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’. மன்னர், கோயில், குடியுரிமை ஆகியன பற்றிய மரபுச் செய்திகளுக்கு இவை இன்றியமையாதன. ஆயினும், ஏட்டில் ஏறாத சான்றுகளும் உள. தெருவின் அமைப்பு, வேலியில் விடப்பட்ட வழி, வீட்டு உறுதியில் உள்ள பெயர் என்பன வரலாற்றுக்கு எவ்வாறு பயன்படும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய நோக்கு பிறநாடுகளில் ஓர் இயக்கமாகவே வளர்ந்துள்ளது. மேற்கு ஜேர்மனியில் 1973இல் பள்ளி மாணவர்க்கான வரலாற்றுப் போட்டி ஒன்று தொடங்கப்பட்டது. 1980களில் பல நகரங்களில் வரலாற்றுப் பட்டறைகள் தோன்றின. தம் தெருவிலும் தொழிற்சாலையிலும் நடந்தவற்றைச் சாதாரண மக்களே தேடி எழுதினர். 1990களிலிருந்து, நாற்சிகளால் வெளியேற்றப்பட்டோரும் கொல்லப்பட்டோரும் இறுதியாக விரும்பி வாழ்ந்த வீடுகளின் முன், பத்துச் சென்ரிமீற்றர் அகலமுடைய பித்தளைத் தகடு பொருந்திய கற்களைக் குந்தர் டெம்னிக் என்னும் கலைஞர் பதித்து வருகின்றார். பெயரும் பிறந்த ஆண்டும் முடிவும் மட்டுமே அவற்றிற் பொறிக்கப்படுகின்றன. பெருவரலாறு எண்ணிக்கையாகக் கூறுவதை அச்சிறுகல் ஒரு வீட்டு வாயிலில் நிறுத்திக் காட்டுகின்றது.

கல்முனைக் கரையோரத்தில் அத்தகைய கற்கள் இல்லை. ஆனால், வாசிக்கத்தக்க வாயில்கள் உண்டு. வடக்கேயிருந்து வருவோர்க்கு மருதமுனை முஸ்லிம் ஊர். அடுத்த பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலுக்கும் தீமிதிப்புக்கும் பெயர்பெற்ற தமிழூர். கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம் ஊர்கள். காரைதீவு விபுலாநந்த அடிகள் பிறந்த தமிழூர். நிந்தவூர் மீண்டும் முஸ்லிம் ஊர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் ஏற்றப்படும் கொடி நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவுக்குரியது. சோழமண்டலக் கரையுடனான பழைய தொடர்பை அது உணர்த்துகின்றது. இரு சமூகத்தார் வீடுகளிலும் வழங்கும் கதிரை, மேசை, அலுமாரி ஆகிய சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. கந்தோர் ஒல்லாந்தர் தந்த சொல்.

இவற்றினும் ஆழமான சான்று குடி அமைப்பாகும். தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகவே குடியை எண்ணுவர். கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காரும் குடிகளின் சார்பில் பொறுப்பேற்பது மரபு. 1985, 1990 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் இவ்வூர்களிடையே ஆழ்ந்த பிளவை உண்டாக்கின. எனினும், இருபுறத்தும் குடியை எண்ணும் முறை ஒன்றே.

அம்முறையின் கண்கூடான வடிவம் வீடு. மகளுக்குத் திருமணமாகும்போது வீடும் வளவும் சீதனமாக எழுதப்படுகின்றன. மணமகன் மனைவியின் வீட்டில் வந்து வாழ்கின்றான். தாயின் வளவிலும் அதன் அயலிலும் சகோதரிகளின் வீடுகள் அடுத்தடுத்து எழுவதும், தெருவுக்கு வராமலே அவர்கள் போய்வர வழி விடப்படுவதும் இதன் விளைவுகள். மட்டக்களப்பு முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரித்தோ 1876இல் நூலாக வெளியிட்டார். அச்சட்டம் பின்னர் நீதிமன்றத்தில் வலுவிழந்தபோதும் வழக்கம் அழியவில்லை. இஸ்லாமிய வாரிசுச் சட்டம் மகனுக்கு மகளின் பங்கிலும் இருமடங்கு வழங்குகின்றது. ஆயினும், பெற்றோர் தம் வாழ்நாளிலேயே மகளுக்கு வீட்டை எழுதிவிடுவதால், அச்சட்டம் செயற்படும் வேளையில் அவ்வீடு பங்கிடப்படும் சொத்தாக இருப்பதில்லை.

இச்சிறுவிடயத்தைக் கவனியாமையின் விளைவு 2004 டிசம்பர் 26க்குப் பின்னர் வெளிப்பட்டது. ஆழிப்பேரலையால் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளோடு உறுதிகளும் அழிந்தன. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக்கட்டுதல் முதலில் தடுக்கப்பட்டது. பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது, ‘குடும்பத் தலைவர்’ என்னும் நிருவாகச் சொல் ஆணையே குறித்தது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டுக்கு ஈடான வீடு பல இடங்களிற் கணவனின் பெயருக்கு எழுதப்பட்டது. பெண்கள் அமைப்புகள் இதனைச் சுட்டிக்காட்டிப் போராடவேண்டியதாயிற்று.

தலைமுறைகளாகப் பெண்கள் கொண்டிருந்த உரிமை படிவமொன்றின் ஒரு கட்டத்துள் இவ்வாறு மறைந்தது. அதனைப் பறிக்கவேண்டுமென எவரும் திட்டமிட்டிருக்கத் தேவையில்லை. அது உள்ளதென அறியாதிருத்தலே போதுமானதாயிற்று. எனவே, எஞ்சியுள்ள பழைய உறுதிகளைப் படியெடுத்தல், வளவுகளை வரைபடமாக்குதல், வீடு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை மூதாட்டியரிடம் கேட்டெழுதுதல் ஆகியவை பல்கலைக்கழக மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். இவை பழமையைப் போற்றும் பொழுதுபோக்கன்று. இன்று வாழும் பெண்களின் உரிமைக்கான ஆவணங்களைத் திரட்டும் கடமையாகும்.